பின்னால் வருபவருக்கு ஒரு மினுக்கு விளக்கு

என் மனைவி எங்கள் மகிழுந்தில் ஏற மறுத்திருந்த அந்தச் சில மாதங்களை இன்று எண்ணிப் பார்த்தால், நெஞ்சில் முதலில் எழுவது விபத்தின் நினைவன்று. அதற்குப் பின் நான் பட்ட எரிச்சலின் நினைவே. விபத்து கண் இமைக்கும் நேரத்தில் நிகழ்ந்து முடிந்துவிட்டது. எரிச்சலோ ஆடியில் வந்து, தீபாவளி நெருங்கும்வரை எங்கள் வீட்டில் குடியிருந்தது.

மதுரையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையை நான்குவழிச் சாலையாக்குவதற்காகத் தோண்டிப் போட்டிருந்த ஆண்டுகள் அவை. நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்று விருதுநகரில் குடியிருந்தேன். ஓய்வுக்குப் பின் வாங்கிய வெள்ளை நிறச் சிறு மகிழுந்து ஒன்று எங்களிடம் இருந்தது. எங்களிடம் வருமுன்பே வேறு இருவருக்கு உழைத்துக் களைத்த வண்டி. மகன் பெங்களூரில் வேலையில் இருந்தான். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே.

மனைவியின் அக்கா சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் வாழ்ந்தார். அவருடைய கணவர், அதாவது என் சகலை, அவ்வூரை ஒட்டிய பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் போர்மேன். வெடிமருந்து கலப்பது முதல் மாலையில் ஆட்கள் வெளியேறுவதுவரை அனைத்துக்கும் பொறுப்பு அவர்தான். அவ்வாண்டு ஆனி மாதத்தில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பு முறிந்து படுத்த படுக்கையானார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். பகலெல்லாம் கணவர் தொழிற்சாலையில். ஆகவே என் மனைவி வாரந்தோறும் வியாழக்கிழமை அங்கே போய், அக்காவுக்குத் தலைக்கு ஊற்றி, இரண்டு நாளைக்கு வேண்டிய குழம்பு வகைகளைச் செய்து வைத்துவிட்டு, பொழுது சாயும் வேளையில் திரும்புவதை வழக்கமாக்கிக்கொண்டாள். ஓட்டுவது நான்; பின்னிருக்கையில் தூக்குவாளிகளோடு அமர்ந்து வருவது அவள்.

ஆடிப்பெருக்கை ஒட்டிய ஒரு வியாழன். புத்தாண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பங்கள் வெளியாகும் பருவமாதலால் சிவகாசிச் சாலையில் அச்சகங்களின் வேன்கள் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருந்தன. மாலை இருட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பி, ஆமத்தூரைத் தாண்டி வரும்போது ஆட்டு மந்தை ஒன்று சாலையில் இறங்கியது. நான் பிரேக்கை அழுத்தினேன். ஆடுகள் பிழைத்தன. ஆல்பக் கட்டுகளை ஏற்றி வந்த வேன் ஒன்று எங்கள் பின்புறத்தில் வந்து இடித்தது.

எனக்கு ஒரு கீறலும் இல்லை. பின்னால் இருந்தவளுக்கு வெளிக்காயம் ஏதுமில்லை; ஆனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வேன் ஓட்டுநர் இளைஞர். முதலில் மன்னிப்புக் கேட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் என் பின்விளக்கு பழுதற்றது என்பதை மெய்ப்பிக்க வேண்டிப் பிரேக்கை மிதித்துக் காட்டியபோதுதான் அவருக்குச் சினம் வந்தது.

"பெரியவரே, லைட்டு எரியலன்னு நான் சொல்லவே இல்ல. அது ஆமத்தூர்லருந்து எரிஞ்சுக்கிட்டேதான வருது. அதுல எது சும்மா எரியிறது, எது பிரேக்குன்னு நான் எப்படிக் கண்டேன்?"

நான் அதை வீண்பேச்சு என்று தள்ளினேன். வண்டிக்குள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி தள்ளவில்லை. அவள் அந்தச் சொற்களைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மருத்துவர் கழுத்துக்கு ஒரு பட்டை மாட்டிவிட்டு, சில மாதங்களுக்குக் குலுக்கல் ஆகாது என்றார்; பேருந்துப் பயணத்தை அறவே தவிர்க்கச் சொன்னார். அடுத்த வியாழன் காலை நான் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியபோது, அவள் பட்டை மாட்டிய கழுத்தோடு, பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குக் கிளம்பினாள். மருத்துவர் சொன்னதை நினைவூட்டினேன்.

"அந்தப் பையன் சொன்னதுல என்ன தப்பு? நாம நிக்கிறது பின்னால வாரவனுக்குத் தெரியல. தெரியாத வண்டில நான் எதை நம்பி உக்கார? பஸ்ஸுன்னா மலை மாதிரி இருக்கு. இடிக்க வாரவன் யோசிப்பான்ல."

வாதம் செய்து வெல்லக்கூடிய பேச்சன்று அது. வாரந்தோறும் அவள் பேருந்தில் போனாள். ஒரு வாரம் யாராவது எழுந்து இடம் தருவார்கள். மறுவாரம் தர மாட்டார்கள். பள்ளம் தோண்டிய சாலையில் நின்றபடியே போய் வந்து, இரவில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கழுத்தில் ஒற்றிக்கொண்டு, வலிக்கவில்லை என்று சொல்வாள். கழுத்து தேறுவதற்கு மாறாக நாளுக்கு நாள் விறைத்தது. இப்படியே போனால் இந்தப் பட்டை நிலையாகிவிடும் என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்து எச்சரித்தார். அக்காவைப் பார்க்கப் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொன்னாலும் அவள் கேட்கப்போவதில்லை. அவளை மீண்டும் வண்டியில் ஏற்ற வேண்டும். எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

ஒரு வியாழன், மனம் பொறுக்காமல், அவள் ஏறிய பேருந்துக்குப் பின்னால் என் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் அவளுக்கு முடியாமற்போனால் இறக்கி ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஒவ்வொரு முறையும் நான் கடைசி நொடியில்தான் அதை உணர்ந்தேன். மாலையில் திரும்பும்போது இன்னும் மோசம். அதன் பின்விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நின்றபோது சற்றே கூடுதலாகச் சிவந்தது போலும். அந்தக் கூடுதல் சிவப்பை, தூசியில், எதிர்வண்டிகளின் வெளிச்சத்தில், எவர் அளந்து பார்ப்பார்? திருத்தங்கல் ரயில்வே கேட்டில் என் மனைவி பயணம் செய்த பேருந்தை நானே இடித்திருப்பேன். வேன் ஓட்டுநரின் சொல் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். சில நாளில் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து மூன்று மின்கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பிரேக் சுவிட்சிலிருந்து வரும் கம்பியை இடையில் வெட்டி இதை இணைத்துவிட்டால், பிரேக்கை மிதித்தவுடன் விளக்கு சில முறை மினுக்கி, அதன் பிறகே நிலைத்து எரியும். மினுக்கும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு திருகு. எத்தனை முறை மினுக்க வேண்டும் என்பதை அமைக்க இன்னொரு திருகு. இத்தனையும் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், ஒரு துண்டுத்தாளில் இருந்தது. அன்றிரவே அதைத் தமிழாக்கி, படம் வரைந்து, கம்பிகளின் நிறத்தைக் குறித்து, நல்ல தாளில் எழுதினேன். வேலை செய்பவருக்கு எளிதாக இருக்குமே என்று நினைத்தேன்.

வேலை செய்பவர் மதுரைச் சாலையில் கடை வைத்திருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன். தாளை வாங்கி, மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்து, அதை மடித்துத் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்தார். பெட்டியைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தார்.

"பிளாஷரு இண்டிகேட்டருக்குத்தான சார் போடுவாக. பிரேக்குக்கு எதுக்கு?"

எதற்கு என்பதை விபத்திலிருந்து தொடங்கி விளக்கினேன். அவர் ஒரு லாரிக்கு அடியில் படுத்தபடி கேட்டார். தீபாவளிப் பட்டாசுச் சீசன் நேரம். சரக்கேற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரிகளெல்லாம் புறப்படுமுன் விளக்குச் சோதனைக்கு அவரிடம் வந்து வரிசையில் நின்றன. என் சிறு வண்டி அவற்றுக்கு நடுவில் நுழைவதும், ஒரு லாரி வந்தவுடன் வெளியே தள்ளப்படுவதுமாகப் பொழுது போயிற்று. அவர் கடை முக்காலியில் அமர்ந்து நான் கழித்த முற்பகல்களை ஒன்றுசேர்த்தால் ஒரு நூலுக்கு உரை எழுதி முடித்திருக்கலாம்.

முதல் முறை அவர் பெட்டியைப் பின்விளக்கின் கம்பியில் இணைத்துவிட்டார். அன்று மாலை முகப்பு விளக்கைப் போட்ட கணத்திலிருந்து, பிரேக்கை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும், என் வண்டியின் பின்புறம் திருவிழாச் சப்பரம்போல் மினுக்கியது. வீட்டுக்கு வருமுன் தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.  மறுநாள் பேருந்தில் போனாள்.

இரண்டாம் முறை சரியான கம்பியில் இணைத்தார். ஆனால் கறுப்புக் கம்பியை, வண்டியின் உடம்பில் பெயின்ட்டின் மேலேயே வைத்துத் திருகிவிட்டார். பெயின்ட் வழியே மின்சாரம் ஓடாது என்பதை நான் தாளில் தனியே அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். தாளோ தேநீர்க் குவளைக்கு அடியில் இருந்தது. மேட்டில் ஏறினால் விளக்கு மினுக்கும். பள்ளத்தில் இறங்கினால் மினுக்காது. இதை அவரிடம் சொன்னபோது, வண்டி பழசு சார் என்றார். இந்த ஒரு வாக்கியத்தால் விடை சொல்ல முடியாத கேள்வி எதுவும் அவரிடம் இல்லை.

மூன்றாம் முறை நான் முக்காலியில் அமரவில்லை. அவர் தோளருகே நின்று, பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளிச்சிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் விளக்கு மினுக்கியது, மெய்யாகவே மினுக்கியது. எனக்கு உண்டான மகிழ்ச்சியில் அவர் அடுத்துச் செய்ததைத் தடுக்கத் தவறினேன். வேகத் திருகைக் கடைசிவரை முடுக்கி, அதன்மேல் பசையைக் குழைத்து அப்பி மூடிவிட்டார். மெதுவாக மினுக்கினால் யார் கண்ணிலும் படாது, இனி யாரும் இதில் கை வைக்க முடியாது என்று பெருமையோடு சொன்னார். பசை அதற்குள் கல்லாகியிருந்தது.

வீட்டில் மனைவியை வண்டியின் பின்புறம் நிறுத்தினேன். கழுத்துப் பட்டையோடு, உடம்பு முழுவதையும் திருப்பி நின்றாள்.

"மிதிங்க" என்றாள்.

மிதித்தேன். ஓணானின் தொண்டைபோல் விளக்கு படபடத்துப் பின் நிலைத்தது.

"இன்னொரு தரம்."

மீண்டும் மிதித்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன் என்று நிபந்தனை விதித்து, ஏற ஒப்புக்கொண்டாள். அவள் பின்கதவைச் சாத்திய ஓசையைக் கேட்டபோது, முக்காலியில் கழிந்த பொழுதெல்லாம் வீணாகவில்லை என்று நினைத்தேன். அது அன்றைய நினைப்பு.

வியாழக்கிழமை புறப்பட்டோம். ஆமத்தூர் நிறுத்தத்தில் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் வேகத்தைக் கூட்டி, என் சன்னலருகே வந்து, "அண்ணாச்சி, பின்னால லைட்டு லூஸ் காண்டாக்ட்" என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றி சொன்னேன். திருத்தங்கல் கேட்டில் நின்றபோது தொழிற்சாலை வேனிலிருந்து பெண்கள் கையசைத்து அதையே சொன்னார்கள். சிவகாசிக்குள் நுழைந்தபின் சொல்லாதவர் இல்லை. தேநீர்க் கடையிலிருந்து ஒருவர் குவளையோடு ஓடிவந்து, வண்டியை அணைத்துவிட்டு இறங்குங்கள் என்று மன்றாடினார். பிற ஊர்களில் மினுங்கும் விளக்கு வெறும் விளக்கு. இங்கே ஒரு கம்பி விட்டுவிட்டுத் தொடுகிறதென்றால் தீப்பொறி. தீப்பொறி என்றால் அதற்குமேல் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மருந்தோடு உழைக்கும் மக்கள் அவர்கள். முன்பின் அறியாத ஒருவன் நலனுக்காகத் தம் பாதையை விட்டு வந்து சொன்னார்கள். அந்த நன்மனத்தை நான் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொருவருக்கும், இது பழுதன்று, அமைப்பே இப்படித்தான் என்று விளக்கி விளக்கி என் தொண்டை வறண்டது. விளக்கத்தை ஒருவரும் நம்பவில்லை. வயர் மாற்றக் கஞ்சப்படுகிறார் பெரியவர் என்ற பார்வையோடு போனார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். பின்னால் வருபவர்கள் வேகத்தைக் குறைக்கவில்லை. மினுக்கலைக் கண்டதும் ஒன்று விலகி என்னைக் கடந்து பறந்தார்கள்; அல்லது செய்தி சொல்ல நெருங்கி வந்தார்கள். எட்டி நின்றவர் ஒருவரும் இல்லை. இதை மனைவியிடம் சொல்லவில்லை. அவள் அவ்வளவு நாள் கழித்து வண்டியில் அமர்ந்திருந்தாள்.

அடுத்த வியாழன்தான் எல்லாம் குலைந்தது. அன்று சகலை மதியச் சோற்றுத் தூக்கை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். கொண்டுபோய்க் கொடுத்து வருமாறு மனைவி என்னை அனுப்பினாள். தொழிற்சாலை வாயிலை நெருங்கிப் பிரேக்கை அழுத்தினேன். வாயிற்காவலர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். மறித்த விதத்தைக் கண்டால் நான் தீவட்டியோடு வந்துவிட்டேன் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். செய்தி கேட்டுச் சகலை வெளியே வந்தார்.

"என்ன சகலை, மருந்து இருக்குற இடத்துக்கு மினுங்கிக்கிட்டு வர்றீக?"

வண்டியைச் சாலையோரத்துக்குத் தள்ளி நிறுத்தச் செய்தார்கள். அங்கே நின்று அவருக்குக் கருவியின் இயல்பையும் பயனையும் முறையாக எடுத்துரைத்தேன். அவர் இறுதிவரை தலையசைத்துக் கேட்டார். சோதனைக்கு வரும் அதிகாரிகள் பேசும்போதும் அவர் இப்படித்தான் தலையசைப்பார் என்பதை நான் மறந்திருந்தேன். வெயிலில் மீண்டும் வண்டியைக் கிளப்ப வேண்டாம், தூக்கை வைத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போங்கள், சாயந்தரம் நானே ஓட்டி வருகிறேன் என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

மாலையில் சொன்னபடி வந்தார். முகத்தில் பெருமிதம். இறங்கியதும் என் உள்ளங்கையில் ஒரு தாள் பொட்டலத்தை வைத்தார். பிரித்தேன். கறுப்புப் பெட்டி.

"இதுதான் லூசு. கம்பெனி எலக்ட்ரீஷியன விட்டுத் தூக்கிட்டு, வயர நேரா முறுக்கச் சொல்லிட்டேன். இப்பப் பாருங்க, மினுங்கல் இல்ல, ஒண்ணும் இல்ல. எரிஞ்சா ஆடாம அசையாம எரியும்."

 முக்காலி, லாரிகள், பெயின்ட் சுரண்டல், அத்தனையும் அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தன. இதற்குள் மனைவி தூக்குவாளிகளோடு வெளியே வந்து, வழக்கம்போல் வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"மிதிங்க."

ஏறி அமர்ந்து மிதித்தேன். வேறென்ன செய்வேன்?

"மிதிங்கன்னு சொல்றேன்."

"மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றேன்.

 திரும்பிப் பார்த்தபோது அவள் தெருமுனைக்குப் பாதி தூரம் போயிருந்தாள்; பேருந்து நிறுத்தம் அந்தப் பக்கம்.

சகலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏத்தா, எங்கன போற? வண்டி சரியாயிருச்சு" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் ஓடினார். அவள் நிற்கவுமில்லை, கழுத்து இடங்கொடாததால் திரும்பவுமில்லை. வண்டிக்குள்ளிருந்தே நான் நடந்ததைச் சொன்னேன், உரத்த குரலில், பல ஆண்டுகளாக எந்த வகுப்பறையிலும் எழாத குரலில். அக்காவின் கட்டில் தெருச்சன்னலை ஒட்டிக் கிடந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் உள்ளிருந்து கணவரை அழைத்தார்.

"அவ கழுத்த பஸ்ஸுல ஒடிச்சு என் பக்கத்துல இன்னொரு கட்டிலப் போடவா அந்த வயரப் பிடுங்குனீக? அவுக சொன்னப்பவெல்லாம் தலைய ஆட்டுனீகள்ல, காதுல வாங்குனீகளா?"

தெருமுனைவரை போன மனைவியும் இதைக் கேட்டிருக்க வேண்டும். நின்றாள். சகலை அவளுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்று தலையைச் சொறிந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, என் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். எப்படி இணைப்பது என்று கேட்டார். வண்டியின் முன்பக்கச் சிறு பெட்டியில் என் தமிழாக்கத்தின் நகல் ஒன்று கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். தெருவில் சம்மணமிட்டு அமர்ந்து, அதை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். நான் எழுதியதைப் படித்த முதல் மனிதர் அவர்தான்.

கம்பிகளை முறுக்கி நாடா சுற்றி இணைத்ததும் விளக்கு மீண்டும் படபடத்தது. மனைவி திரும்பி வந்து பக்கத்தில் நின்றிருந்தாள். சகலை அதைக் கண்டு முகம் சுளித்தார்.

"பத்திக்கிட்ட மாதிரில்ல இருக்கு. இதப் பாத்தா எவன் நிப்பான்? எங்க ஊர்க்காரன் ஒதுங்கி ஓடத்தான் பார்ப்பான்."

நான் கண்டும் சொல்லாதிருந்ததை அவர் சொல்லிவிட்டார். இனி இவள் ஒருநாளும் ஏறப்போவதில்லை என்று எண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அமர்ந்திருந்தேன். மனைவி என்னைக் கேட்கவில்லை, அவரைக் கேட்டாள்.

"அப்ப மெதுவா மினுக்க வைக்க முடியுமா அத்தான்?"

திருகு பசைக்குள் இருக்கிறது என்றேன். சகலை உள்ளே போய் ஒரு பித்தளைக் கத்தியோடு வந்தார். தொழிற்சாலையில் இரும்புக்கு இடமில்லை. வீட்டிலும் அவர் கை முதலில் நாடுவது பித்தளையைத்தான். கல்லான பசையைப் பொடிப்பொடியாகச் செதுக்கி எடுத்தார். அதன்பின் நடந்த ஆய்வில் எனக்கு மிதிக்கும் கால் மட்டுமே இருந்தது. மனைவி தெருவில் பின்னோக்கி நடந்து, பின்னால் ஒரு வேன் வரக்கூடிய தொலைவில் நின்றாள். அங்கிருந்து, மிதிங்க என்பாள், மிதிப்பேன். இன்னும் ஆற விடுங்க என்று அத்தானுக்குச் சொல்வாள், அவர் திருகுவார். ரொம்பத் தூங்குது என்பாள், கொஞ்சம் முடுக்குவார். பக்கத்து வீட்டார் கூடி ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். ஒருவர், ரயில் சிக்னல்போல் இருக்கட்டும் என்றார். இன்னொருவர், பாட்டுப் போட்டால் பொருத்தமாக இருக்கும் என்றார். என் கெண்டைக்கால் கடுத்தது. மதுரைச் சாலை முக்காலியே மேல் என்று தோன்றியது.

ஒரு வழியாக அவள் கையை உயர்த்தினாள். விளக்கு இப்போது துடிக்கவில்லை. ஒருவர் நிதானமாகக் கையைத் தூக்கித் தூக்கி, நில்லுங்கள் என்று சொல்வதுபோல், சில முறை எரிந்து அணைந்து, பிறகு நிலைத்தது. அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். சகலையிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. சன்னல் வழியே அக்காவிடம் மட்டும் வருகிறேன் என்றாள்.

திருத்தங்கல் கேட் அடைத்திருந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. பிரேக்கை அழுத்தி நின்றேன். பின்காட்டும் கண்ணாடியில் ஒரு வேனின் விளக்குகள் வளர்ந்துகொண்டே வந்தன.  பின்னிருக்கையில் அவள் மூச்சை அடக்கியது எனக்குக் கேட்டது. அந்த விளக்குகள் தொலைவிலேயே தணிந்தன. வேன் எங்களுக்கும் தனக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி புகும் இடம் விட்டு நின்றது.

அந்த இடைவெளிக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்து, என் சன்னலருகே வந்து நின்றது. ஓட்டி வந்தவர் வேலை முடிந்து வருகிறவர். முன்கைகளில் அலுமினியப் பொடியின் வெள்ளி மினுமினுப்பு இன்னும் கழுவப்படாமல் இருந்தது. குனிந்து கண்ணாடியைத் தட்டினார்.

"பெரியவரே, பின்னால லைட்டு லூஸ் காண்டாக்ட் ஆகுது. பாத்துக்கோங்க."

அத்தனை வாரத்து எரிச்சலும் என் நாவின் நுனிக்கு வந்தது. வாய் திறக்குமுன், பின்சன்னல் இறங்கும் ஓசை கேட்டது.

"லூசெல்லாம் இல்லப்பா" என்றாள் என் மனைவி. "நாங்க நிக்கிறோம்னு அது உனக்குத்தான் சொல்லுது."

அவர் ஐயத்தோடு வண்டியைக் காலால் உந்திப் பின்னுக்குப் போய், எங்கள் விளக்குக்கு எதிரே நின்று பார்த்தார். அவள் என் தோளைத் தட்டினாள்.

"மறுபடி மிதிங்க. அவன் பாக்கட்டும்."

கடுக்கும் காலை எடுத்து, மீண்டும் மிதித்தேன்.